வீட்டுக்குள் ஒரு கொட்டகை



சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் கையில் ஒரு பெரிய சாக்குப்பை. அதற்குள் முட்டைக் கடையில் கேட்டு வாங்கி வந்த காகித அட்டைகள், நாற்பதுக்குக் குறையாது.

"சார், இதைச் சுவர் முழுக்க ஒட்டினால் எங்கள் வீட்டு ஹால் சினிமா தியேட்டர் மாதிரி ஆகிவிடுமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. காரணத்தை அவள் சொன்ன பிறகு எனக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது.

நாங்கள் வசிப்பது ஒரகடத்திற்கு அருகே. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை ஒரு முறை பேருந்தில் சென்று பாருங்கள்; சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகளே கண்ணில் படும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2007-ல் சாம்சங் ஆலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய ஆலைகள் ஏராளம். இரவு பகல் பாராமல் மூன்று ஷிஃப்டு வேலை நடக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விடியும்போது, அடுத்த வீட்டில் தூங்கப் போவார்கள்!

அந்த மாணவியின் தந்தை ஓர் உதிரிபாக ஆலையில் பிரஸ் ஷாப்பில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பெரிய இயந்திரங்கள் நிறைந்த பிரிவு அது. இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கும்போது, "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஒலியைக் கூட்டுவார். கூட்டினாலும் வசனம் விளங்காது. அதற்குள், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டிலிருந்து 'சி' ஷிஃப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பவர் சுவரைத் தட்டுவார். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியாக ஒரு மாதமாக அவர் படம் பார்க்கவே உட்காருவதில்லை.

"அப்பாவுக்கு வசனம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது. அவ்வளவுதான் சார்," என்றாள்.

எவ்வளவு தெளிவான கேள்வி! ஒரு பொறியாளரிடம் இதைவிடச் சரியாக யாரும் கேட்க முடியாது. வாருங்கள், நாமும் அந்த வீட்டுக்குப் போவோம்.

கொட்டகையில் கேட்டது, ஹாலில் ஏன் கேட்கவில்லை?

அந்த ஹாலில் நுழைந்ததும் நான் முதலில் செய்தது, நடுவில் நின்று ஒரு முறை ஓங்கிக் கைதட்டியதுதான். 'டப்' என்று முடிய வேண்டிய ஒலி 'டர்ர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டு போயிற்று. நோய் இன்னதென்று அப்போதே தெரிந்துவிட்டது.

உங்கள் தாத்தாவிடம் டூரிங் டாக்கீஸ் பற்றிக் கேளுங்கள். 1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னாளில் கிராமங்களில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. கூரை தென்னங்கீற்று, தரை மணல், பக்கங்கள் பாதி திறந்தவை, உள்ளே நெருக்கியடித்து நூற்றுக்கணக்கான மக்கள். நாற்காலியும் மின்விசிறியும் சரியில்லாத அந்தக் கொட்டகையில் வசனம் மட்டும் தெளிவாகக் கேட்டது!

காரணம் எளியது. கீற்றும் மணலும் மக்களின் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொண்டன. திறந்த பக்கங்கள் வழியே ஒலி வெளியேறியது. எனவே ஒரு சொல் பிறந்து, காதை அடைந்து, உடனே மறைந்தது. அடுத்த சொல்லுக்கு வழி கிடைத்தது.

நம் ஹாலைப் பாருங்கள். தரையில் வழவழப்பான டைல்ஸ், சுவரில் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட். இவை தம்மீது படும் ஒலியாற்றலில் ஏறத்தாழ 100-ல் 2 பங்கை மட்டுமே உட்கவர்ந்து, மீதி 98 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஒலி சுவருக்குச் சுவர் பந்துபோல் அடிபட்டுக்கொண்டே இருக்கும். இதைத்தான் உங்கள் பாடநூலில் எதிர்முழக்கம் என்று படித்திருக்கிறீர்கள்.

மெத்தைகளோடு ஒரு விஞ்ஞானி

எதிர்முழக்கத்தை அளந்து காட்டியவரின் கதை சுவையானது. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்ற புதிய கட்டடத்தில் ஒரு விரிவுரை அறை இருந்தது. அங்கே ஆசிரியர் பேசும் ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை விநாடி வரை ஒலித்துக்கொண்டிருந்தது! அதற்குள் அவர் இன்னும் பத்துப் பதினைந்து சொற்களைப் பேசிவிடுவார். எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இயற்பியல் துறையின் இளைய ஆசிரியரான வாலஸ் கிளெமென்ட் சபைனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 27.

சபைனிடம் மைக் இல்லை, ஒலியளவி இல்லை. ஓர் ஆர்கன் குழாய், காலம் குறிக்கும் கருவி, தம் இரண்டு காதுகள், இவையே அவருடைய ஆய்வுக்கூடம். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அறையில் அடுக்குவார். தெருவில் வண்டிகள் ஓடாத நள்ளிரவுக்குப் பின், குழாயை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். தாம் அணிந்திருக்கும் கோட்டும் ஒலியை உட்கவர்கிறது என்று கண்டு, என்ன உடை உடுத்தியிருந்தோம் என்பதையும் குறித்து வைத்தார்.

அவர் கண்ட விதி மிக எளியது.

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உட்கவர்ச்சி

கன அளவு கன மீட்டரிலும், உட்கவர்ச்சி சதுர மீட்டரிலும், நேரம் விநாடியிலும் இருக்க வேண்டும். எதிர்முழக்க நேரம் என்பது ஒலியாற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, அதாவது 60 டெசிபல் குறைய, எடுத்துக்கொள்ளும் நேரம். ஒரு பரப்பின் அளவை அதன் உட்கவர் எண்ணால் பெருக்கினால் அதன் உட்கவர்ச்சி கிடைக்கும். திறந்த ஜன்னலின் உட்கவர் எண் 1. ஏனென்றால் அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதே இல்லை! சபைன் இதையே தம் அளவீட்டுக்கு அலகாகக் கொண்டார். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் நகர இசையரங்கு இந்த விதியைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

நம் ஹாலுக்குக் கணக்கு

அளவு நாடாவால் அளந்தோம். நீளம் 4.2 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர்.

கன அளவு: 4.2 × 3 × 3 = 37.8 கன மீட்டர். இதை 0.161-ஆல் பெருக்கினால் சுமார் 6.09.

ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு: 68.4 சதுர மீட்டர். உட்கவர் எண் 0.02 என்று கொண்டால் உட்கவர்ச்சி சுமார் 1.37.

அப்படியானால் எதிர்முழக்க நேரம் 6.09 ÷ 1.37 = 4.4 விநாடி! இது ஒன்றுமே இல்லாத, கதவு ஜன்னல் அடைத்த வெற்றறைக்கு. அந்த வீட்டில் நான்கு பேர். ஒருவர் சுமார் 0.45 சதுர மீட்டர் உட்கவர்வார் என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கும் 1.8. மொத்தம் 3.17. நேரம் 1.9 விநாடியாகக் குறைகிறது. (விருந்தாளிகள் வந்தால் வீட்டில் எதிரொலி குறைவதைக் கவனித்திருக்கிறீர்களா?) ஜன்னலைத் திறந்தால் இன்னும் குறையும். ஆனால் அப்போது நம் ஒலி பக்கத்து வீட்டுக்காரரின் தலைமாட்டுக்குப் போய்விடும். ஆகவே ஜன்னலை விட்டுவிடுவோம்.

பேச்சு தெளிவாகக் கேட்க, இவ்வளவு சிறிய அறையில் அரை விநாடி அளவுக்கு எதிர்முழக்கம் இருப்பது நல்லது. நாங்கள் 0.6 விநாடியைக் குறியாகக் கொண்டோம். 6.09 ÷ 0.6 = 10.15. கையில் இருப்பது 3.17. எனவே இன்னும் 7 சதுர மீட்டர் உட்கவர்ச்சி தேவை. அதைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே தேடினோம்.

பகலில் சுருட்டி வைக்கும் மூன்று இலவம்பஞ்சு மெத்தைகள்: 5.1 சதுர மீட்டர் × 0.7 = சுமார் 3.6.

பழைய கம்பளிகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட திரை: 6 சதுர மீட்டர் × 0.4 = 2.4.

தரையில் ஜமக்காளம்: 5 சதுர மீட்டர் × 0.2 = 1.

மொத்தம் 7! இந்த உட்கவர் எண்கள் தோராயமானவை. அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். ஆனாலும் கணக்கு நமக்கு வழி காட்டுகிறது.

கம்பளித் திரையைச் சுவரோடு ஒட்டி ஆணி அடிக்கப் போனார் அவளுடைய அண்ணன். "நிறுத்துங்கள், தம்பி!" என்றேன். சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது. சுவர் அதைத் தடுத்துவிடும். காற்றுத் துகள்கள் துணியின் இழைகளுக்கிடையே புகுந்து உராய்ந்தால்தான் ஒலியாற்றல் வெப்பமாக மாறும். சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில் அசைவு மிக அதிகம். 10 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால், 40 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது சுமார் 875 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது மிகப் பொருந்தும். ஒரு மரச்சட்டம் வைத்துத் திரையைத் தள்ளித் தொங்கவிட்டோம்.

ஒரு கண்ணாடி, இரண்டு வேலை

மெத்தைகளை எங்கே சாய்ப்பது? இதற்குச் சீப்புக் கண்ணாடி ஒன்றே போதும். அப்பாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். நண்பர் ஒருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஒலிபெருக்கி உங்களுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலியும் சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வருகிறது! படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதி ஒளிக்கும் ஒலிக்கும் பொது. அங்கே ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். எதிர்ச் சுவரிலும் அவ்வாறே.

இந்த உபாயம் உயர்ந்த ஒலிகளுக்குத்தான் சரிவரும். 32 டிகிரி வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் செல்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். மெத்தை அதைவிடப் பெரியது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 3.5 மீட்டர்! அது மெத்தையைப் பொருட்படுத்தாமல் போய்விடும்.

அதே கண்ணாடி சோதனையைத் திரைக்கும் செய்யலாம். தொலைக்காட்சித் திரையின்மீது கண்ணாடியை வைத்து, நாற்காலியிலிருந்து பாருங்கள். ஜன்னலோ டியூப் லைட்டோ தெரிந்தால் திரையின் இடம் தவறு. 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபைன் ஆலை கண்ணாடி செய்யத் தொடங்கியது. உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, மிகச் சமமான தகடுகளை இத்தகைய ஆலைகளில் செய்கிறார்கள். அவ்வளவு தெளிந்த கண்ணாடியும் தன் ஒவ்வொரு முகப்பிலும் 100-ல் 4 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பளபளப்பான பிளாஸ்டிக் திரையும் ஏறத்தாழ அப்படியே.

நான்கு பங்குதானே என்று எண்ணாதீர்கள். ஒரு படத்தில் வெண்மையின் பொலிவு 200 என்றும் கருமையின் பொலிவு 0.2 என்றும் கொள்வோம். விகிதம் 1000-க்கு 1. அறை விளக்கின் ஒளி திரையில் பட்டு எங்கும் 2 சேர்ந்தால், வெண்மை 202, கருமை 2.2. விகிதம் வெறும் 92! இரவுக் காட்சி சாம்பல் பூத்துப் போவது இதனால்தான். நாங்கள் தொலைக்காட்சியை ஜன்னலுக்கு எதிரிலிருந்து மாற்றி, ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு வைத்தோம். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை மட்டும் எரியவிட்டோம். கண்ணும் களைக்காது, ஒளியும் திரையில் விழாது.

எங்கே உட்காருவது?

"சார், பெரிய டி.வி. வாங்கினால் நன்றாகத் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டார். அவர்களிடம் இருப்பது 43 அங்குலத் திரை. அகலம் 95 சென்டிமீட்டர். அவர்கள் உட்கார்ந்திருந்ததோ பின்சுவரை ஒட்டி, ஏறக்குறைய 3.6 மீட்டர் தள்ளி. அங்கிருந்து பார்த்தால் திரை கண்ணில் சுமார் 15 டிகிரி கோணமே தாங்கும். நாற்காலியை 1.8 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 30 டிகிரி ஆகிவிடும். செலவு ஒன்றுமில்லை!

கண்ணின் பகுதிறன் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. அந்தத் திரையில் குறுக்கே 1920 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். இவை தனித்தனியே தெரிய வேண்டுமானால் 1.7 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 3840 புள்ளிகள் கொண்ட '4கே' திரையானால் 0.85 மீட்டருக்குள்! 3.6 மீட்டர் தள்ளி உட்காருபவருக்கு இரண்டும் ஒன்றுதான். விளம்பரத்தைப் பார்க்குமுன் நாடாவை எடுத்து அளந்து பாருங்கள்.

ஆனால் ஒலி இங்கே குறுக்கிடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலைகள் உண்டாகும். 4.2 மீட்டர் நீளத்தில் அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண் 350 ÷ 8.4 = 41.7 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் அகலத்தில் 350 ÷ 6 = 58.3 ஹெர்ட்ஸ். உயரமும் 3 மீட்டரே. ஆகவே அதுவும் 58.3 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றுசேர்ந்து, அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறை எல்லாவற்றிலும் கெட்டது. நீங்கள் பொறியாளராகி வீடு கட்டும்போது இதை மறவாதீர்கள்.

இந்த நிலை அலையில் காற்றின் அழுத்த மாற்றம் சுவரருகே மிக அதிகம். அறையின் நட்டநடுவில் பூஜ்யம். பின்சுவரை ஒட்டிய சோபாவில் 'கும் கும்' என்ற முழக்கம் வசனத்தை மூடிவிடும். நட்டநடுவிலோ அந்தச் சுரம் காணாமற்போகும். திரை முன்சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, 1.8 மீட்டரில் உட்கார்ந்தால் மொத்தம் 2.1 மீட்டர். அது சரியாக அறையின் நடு! ஒளி 'இங்கே உட்கார்' என்கிறது. ஒலி 'வேண்டாம்' என்கிறது. இருவருக்கும் சமாதானமாக நாற்காலியை முன்சுவரிலிருந்து 2.5 மீட்டரில் போட்டோம். திரையின் கோணம் 24 டிகிரி. போதும்.

முட்டை அட்டை என்ன ஆயிற்று?

அந்தச் சாக்குப்பை இன்னும் மூலையில் இருந்தது. முட்டை அட்டை மெல்லியது, இலேசானது. மிக உயர்ந்த ஒலியைச் சற்றே உட்கவரும், பேச்சொலிக்குப் போதாது. பக்கத்து வீட்டுக்குப் போகும் ஒலியை அது தடுக்கவே தடுக்காது. எளிதில் தீப்பற்றும் என்பது வேறு. அவை மீண்டும் கடைக்கே போயின.

இங்கே ஓர் உண்மையை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒலியை உட்கவர்வது வேறு. ஒலி கடந்து போகாமல் தடுப்பது வேறு. முன்னதற்கு இழையும் பஞ்சும் வேண்டும். பின்னதற்குக் கனம் வேண்டும். ஒரு தடுப்பின் கனத்தை இருமடங்காக்கினால், அதைக் கடக்கும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். நல்ல செங்கல் சுவர் ஒலியைப் பெரிதும் தடுத்துவிடும். பிறகு பக்கத்து வீட்டுக்கு எப்படிக் கேட்கிறது? கதவிடுக்கு வழியாக!

கதவின் பரப்பில் 100-ல் ஒரு பங்கு இடுக்கு இருந்தால், ஒலியாற்றலில் 100-ல் ஒரு பங்கு அப்படியே வெளியேறும். அது 20 டெசிபல் தடுப்புக்குச் சமம். எத்தனை கனமான கதவு போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் பயன் இராது! தண்ணீர்க் குடத்தில் ஓட்டை இருக்கும்போது குடத்தின் கனம் என்ன உதவும்? காரின் கதவு விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற ரப்பர் பட்டையைக் கதவைச் சுற்றி ஒட்டினோம். அடியில் மணல் அடைத்த துணிக் குழல் ஒன்றை வைத்தோம்.

அப்பாவின் காது

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். ஆலையில் எடுத்த செவிச் சோதனைத் தாளை அவர் ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். தாழ்ந்த ஒலிகளில் அவருடைய செவிப்புலன் ஓரளவு நன்றாகவே இருந்தது. 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இயந்திர இரைச்சலால் ஏற்படும் செவிட்டுத்தன்மையின் முத்திரை இது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் இரைச்சலால் அழிந்துவிட்டால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணிலும், க, ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த அதிர்வெண்ணிலும் இருக்கின்றன. 'பட்டம், சட்டம், கட்டம்' மூன்றும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றே! எதிர்முழக்கம் உள்ள அறையில் முந்திய சொல்லின் உயிரொலி நீண்டு, அடுத்த சொல்லின் மெய்யொலியை மூடிவிடும். நல்ல காது ஊகித்துக்கொள்ளும்; அவர் காதால் முடியாது. ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். "கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். வீட்டில் உள்ளவர்கள் அவர் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தார்கள்.

இதற்கு ஒலியைக் கூட்டுவது மருந்தல்ல. தொலைவைக் குறைப்பதே மருந்து. ஒலி மூலத்திலிருந்து நேராக வரும் ஒலி, தொலைவு பாதியானால் 6 டெசிபல் கூடும். 2.4 மீட்டரிலிருந்து 0.6 மீட்டருக்கு வந்தால் இருமுறை பாதியாகிறது. 12 டெசிபல் லாபம்! ஆனால் அறையின் முழக்கம் கூடாது. பக்கத்து வீட்டுக்கும் கூடாது. மேலும் இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். ஒலி சுவரில் மோதியே நம்மிடம் வருகிறது. எனவே பழைய சிறு ஒலிபெருக்கி ஒன்றைக் கம்பி மூலம் இணைத்து, அவர் நாற்காலியின் பக்கத்தில், காது உயரத்தில், அவரை நோக்கி வைத்தோம். (கம்பியில்லா ஒலிபெருக்கிகள் சில சமயம் ஒலியைத் தாமதப்படுத்தும்; உதட்டசைவும் சொல்லும் பொருந்தாமல் போகும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.) தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைச் சற்று ஏற்றினோம்.

அந்த ஞாயிறன்று அவர்கள் வீட்டில் ஒரு பழைய நகைச்சுவைப் படம் ஓடியது. ஒலி அளவு முன்பு 38-ல் இருந்தது, அன்று 17. நான் தெருவில் நின்று கேட்டேன்; ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனபோது அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லா வசனமும் கேட்டதா என்றேன். "பாதிக்கு மேலே புரியுது சார். மீதியைப் பாப்பா சொல்லும்," என்றார்.

பாதிக்கு மேல்! இயற்பியல் இவ்வளவுதான் செய்ய முடிந்தது. மீதிக்குக் காது மருத்துவரிடம் சென்று செவித்துணைக் கருவி பற்றிக் கேட்குமாறு சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் போகிறார்கள்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது

உங்களில் பலர் நாளை ஐ.டி.ஐ. முடித்தோ, டிப்ளமா முடித்தோ இந்த ஆலைகளுக்குள் போவீர்கள். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான 'நியாஷ்' தரும் அறிவுரை இது: 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88-ல் 4 மணி நேரம். 91-ல் 2. 94-ல் 1. 100 டெசிபலில் 15 நிமிடம் மட்டுமே! கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் நீங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே காதடைப்பான் தேவை என்று பொருள். "பழகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காது இரைச்சலுக்குப் பழகுவதில்லை, கேட்பதை இழந்துகொண்டிருக்கிறது.

காதில் மாட்டும் ஒலிக்கருவியை முழு ஒலியில் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டின் ஒவ்வொரு அறையிலும், வகுப்பறையிலும், கோயில் மண்டபத்திலும் கைதட்டிப் பாருங்கள். எங்கே ஒலி நீள்கிறது? ஏன்?

2. வகுப்பறையின் நீள, அகல, உயரங்களை அளந்து, அறை காலியாக இருக்கும்போதும் 40 மாணவர்கள் இருக்கும்போதும் எதிர்முழக்க நேரத்தைச் சபைனின் விதிப்படி கணக்கிடுங்கள்.

3. ஒருவர் கரும்பலகை அருகே நின்று, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு 'பட்டம், சட்டம், கட்டம்' போன்ற இருபது சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லட்டும். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் இருப்பவர்கள் கேட்டதை எழுதட்டும். விடைகளை ஒப்பிடுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் கவனிக்காதவர்கள்தானா என்பது அப்போது தெரியும்!

கடைசிச் சோதனையின் முடிவை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். பழைய போர்வைகள் நான்கைப் பின்சுவரில் சற்றுத் தள்ளித் தொங்கவிட அனுமதி கேட்டு, மீண்டும் ஒரு முறை செய்து பாருங்கள்.